முறியாத கிழங்கு

ஜெசிக்காவுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கை சிலருக்கு எரிச்சலாகவே இருந்தது. விடத்தல்தீவுப் பெண், கொழும்பில் படித்து, தொழிற்சாலையொன்றில் இயந்திரம் திருத்தி, போன வருடம் ஊர் திரும்பியவள். பனங்கிழங்கைச் சீக்கிரம் காயவைக்க மின்சாரப் பெட்டி செய்யப்போகிறேன் என்றாள். ஊர் சிரித்தது. அவள் செய்தே விட்டாள்.

பெட்டிக்குள் இரண்டு உலோகத் தகடுகள், நடுவே தண்ணீரில் கிழங்கு. கண் இமைப்பதற்குள் பலமான மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சினால், கிழங்கின் செல்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் ஓட்டைகள் விழும். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியே வரும். மாசி மப்பில் வெயிலில்லாமல், காயப்போட்ட கிழங்கான ஒடியல் மூட்டை மூட்டையாய்ப் பூஞ்சணம் பிடித்த ஊருக்கு வேறென்ன வேண்டும்?

ஊர்ச் சங்கத் தலைவி மேரிசெல்வி பழைய கொட்டிலொன்றைப் பூட்டும் திறப்புமாகக் கொடுத்தார். எல்லார் முன்னாலும் செய்து காட்ட வேண்டும், சரிவராவிட்டால் திறப்பைத் திருப்பித் தர வேண்டும் என்றார். அங்கே மீன்வலை வைக்க இடம் கேட்டு ஆட்கள் காத்திருந்தார்கள்.

ஊரே விரும்பித் தின்பது அவித்துக் காயவைக்கும் புழுக்கொடியல். ஜெசிக்கா அதையே தேர்ந்தெடுத்தாள். வழக்கப்படி கிழங்கை உப்புப் போட்டு அவித்து, கிழித்து, பாதியைப் பெட்டியில் விட்டெடுத்தாள். மீதியைப் பெட்டியில் விடாமல் வேறு பாயில் காயப்போட்டாள். இரண்டு பாயும் ஒரே வேகத்தில்தான் காய்ந்தன. அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. ஞாயிறு பூசை முடிய வந்து திறப்பை வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு மேரிசெல்வி போனார்.

அழுகையை விடக் கோபம்தான் கூட வந்தது. மறுநாள் அவித்த கிழங்கொன்றை ஆத்திரத்தில் பிசைந்தாள். கையெல்லாம் ஈரம். பச்சைக் கிழங்கைப் பிசைந்தாள். ஒரு சொட்டும் வரவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். பெட்டியின் வேலையைப் பானை முன்பே முடித்திருக்கிறது! கொதிநீரில் பிய்ந்த சவ்வில் மின்சாரம் எங்கே ஓட்டை போடும்? பெட்டி உதவுவது பச்சையாய்க் காய்கிற ஒடியலுக்கு, கூழுக்கு மாவாகும் ஒடியலுக்கு. பூஞ்சணம் பிடித்ததும் அதுதானே. உடனே பச்சைக் கிழங்கோடு, பாதியைப் பெட்டியில் விட்டும் பாதியை விடாமலும், மறுபடி தொடங்கினாள்.

ஞாயிறு மேரிசெல்வி வந்தபோது, பெட்டியிலிருந்து எடுத்த பச்சைக் கிழங்கொன்றை நீட்டினாள்.

“இதை முறியுங்கோ மாமி. முறிஞ்சா திறப்பைத் தாறன்.”

உள்ளே ஈரம் அடைபட்டு விறைத்திருக்கும் பச்சைக் கிழங்கென்றால் டக்கென்று முறியும். சின்ன வயதிலிருந்து முறித்துப் பழகியவர் அவர். வளைத்தார். ஈரக் கயிறுபோல வளைந்தது. இன்னும் வளைத்தார். இரண்டு நுனியும் முட்டின.

வெளியே போய் இரண்டு பாய்களையும் தொட்டுப் பார்த்தார். பெட்டிக்குள் போகாத கிழங்கு இன்னும் பிசுபிசுத்தது. மற்றதில் ஒடியல் கலகலத்தது.

“நாளைக்கு எங்கடை கிழங்கையும் கொண்டு வாறன்,” என்றார். “அவிக்காமல்.”

திறப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. வளைந்த கிழங்கு மட்டும் அவர் கையோடு போயிற்று.