பாலத்துக் காவல்காரன்

பிராகா நகரத்துப் படங்களுக்கு வண்ணம் பூசுவதுதான் ரோசினாவின் பிழைப்பு. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த தாள்கள் கட்டுக்கட்டாக வரும். ஆற்றுக்கு நீலம், கூரைகளுக்குச் செம்மண் நிறம். அவள் புருஷன் தோபியாஷ் பாலத்தில் காவல் நின்ற சிப்பாய். உறைந்திருந்த வல்தாவா ஆறு உடைந்து, பனிப்பாளங்களோடு பெருக்கெடுத்த அன்று, பாலத்தின் ஒரு பகுதியை இடித்து, காவல்கூண்டோடு அவனையும் அடித்துக்கொண்டு போயிற்று. உடல் கிடைக்கவே இல்லை.

துக்கம் ஆறுமுன்பே அவள் வேலைக்குத் திரும்பினாள். முதல் தாளை எடுத்தவளுக்குக் கை ஓடவில்லை. வெள்ளத்துக்கு முந்தைய தகட்டில் அடித்தது அது. பாலம் முழுசாக நின்றது. கூண்டு வாசலில் அரிசி அளவில் ஒரு சிப்பாய். வெள்ளைச் சட்டைக்கு வண்ணமே வேண்டாம். கழுத்துப்பட்டிக்கு மட்டும் சிவப்பு. தாளுக்குத் தாள் அவனை உடுத்திவிட்டாள். ராத்திரி கண்ணை மூடினாலும் அவன் ஈரம் சொட்ட நின்றான்.

பொறுக்கமாட்டாமல் செதுக்குகிறவரான ப்ரோகோப்பிடம் போனாள்.

"உடைஞ்ச பாலத்தை உள்ளபடியே செதுக்குங்களேன், ஐயா."

"நல்லா சொன்னே போ! கோட்டை ராஜாவுக்கு, கோயில் சாமிக்கு, பாலம்தான் நமக்கு. அது நின்னாத்தான் ஊர் நிக்குதுன்னு அர்த்தம். ஒடிஞ்ச ஊரை எவன் சுவத்துல மாட்டுவான்?"

"அப்போ அந்த ஆளையாவது எடுத்துடுங்க."

அவளை நிமிர்ந்து பார்த்தவருக்கு விஷயம் புரிந்தது. சிப்பாயையும் கூண்டையும் சுரண்டி, தகட்டை வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார்.

புதுத்தாள்கள் வந்தன. அந்த இடத்தில் மங்கலாக, மூச்சுப் பட்ட கண்ணாடி போல, ஓர் உருவம். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ப்ரோகோப்பிடம் போய்ச் சொன்னாள்.

"மறுபடி தேய்க்கட்டுமா?" என்றார் ப்ரோகோப்.

"வேண்டாங்க. அவர் பாட்டுக்கு நிக்கட்டும்."

அன்றுமுதல் ஒவ்வொரு தாளிலும் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். வாங்குகிறவர்கள் கேட்டால், பாலத்துச் சிலுவையின் அடியில் எரியும் விளக்கு என்று ப்ரோகோப் சமாளித்தார்.

அறுவடைக்காலம் வந்தது. பக்கத்து மேசைக்காரி தன் மாமியாரின் குறட்டையைப் பற்றிச் சொல்ல, ரோசினா வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்து, காய்ந்த தாள்களை அடுக்கும்போதுதான் கவனித்தாள். காலையிலிருந்து பூசிய எதிலுமே புள்ளி இல்லை.

தூரிகையைச் சிவப்பில் தோய்த்தாள். மேல் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்த் தேடினாள். அவன் நின்ற இடம் எதுவென்று தெரியவில்லை.