மழிக்காத முகம்

என் கணவர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஷேவ் பண்ணுவார். காலையில் ஆபீஸ் கிளம்பும்முன் ஒன்று, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று. செவ்வாய், வெள்ளி, அமாவாசை எதற்கும் விலக்கில்லை. டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் அவர் வேலை பார்த்த டெலிகாம் கம்பெனியில் பாதிப் பேர் கசங்கிய டி-ஷர்ட்டும் மூன்று நாள் தாடியுமாக வருவார்கள். இவர் மட்டும் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் மாதிரி மொழுமொழுவென்று கிளம்புவார். "மிலிட்டரி பழக்கம்" என்று நான்தான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். ஒன்பது வருஷம் அப்படித்தான் சொன்னேன். கூடவே இருந்து ஒரு மனுஷனைத் தப்பாகப் புரிந்துகொள்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அவர் முழுநேர ராணுவக்காரர் இல்லை. அண்ணன் மூலமாக கிரீன் கார்டு கிடைத்து நியூ ஜெர்சிக்கு வந்தவர், மேற்படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்காக ரிசர்வ் படையில் சேர்ந்திருந்தார். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய் லாரி ஓட்டிவிட்டு வருவார். கல்யாணமாகி வந்த புதிதில் நான் அதை நம் ஊர் என்.சி.சி. மாதிரி என்று நினைத்தேன். பரேடு முடிந்ததும் பூரி கிழங்கு கொடுப்பார்களா என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

1990இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அந்த நவம்பரில் அவருடைய யூனிட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்போது எனக்கு நான்கு மாதம் முடிந்து ஐந்தாவது மாதம் தொடங்கியிருந்தது.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கொடுத்த சாமான்களையெல்லாம் ஹாலில் கார்ப்பெட்மேல் பரப்பி லிஸ்டோடு சரிபார்த்தார். பூட்ஸ், தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு, மடக்கு மண்வெட்டி. நான் சோபாவில் உட்கார்ந்து ஊறுகாய் பாட்டிலுக்குப் பிளாஸ்டிக் கவர் சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒரு துணிப்பையிலிருந்து விஷவாயு முகமூடியை எடுத்து வைத்தார். கறுப்பு ரப்பர், இரண்டு கண்ணாடிக் கண்கள், இரண்டு பக்கமும் வீங்கிய கன்னங்கள். அது தரையில் கிடந்தபடி கூரையைப் பார்த்தது. பிள்ளைத்தாய்ச்சி இதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று தோன்றி, ஒரு டவலை எடுத்து அதன்மேல் போட்டேன். அவர் சிரித்தார். நான் டவலை எடுக்க விடவில்லை.

அவர் போன இரண்டாவது வாரம் மாமியாரிடமிருந்து ஏரோகிராம் வந்தது. அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். மனைவிக்கு ஐந்தாம் மாதம் ஆனதிலிருந்து குழந்தை பிறக்கிறவரை கணவன் முகத்திலும் தலையிலும் கத்தி படக் கூடாது. மீறினால் குழந்தைக்கு ஆகாது. 'தலைச்சன் பிள்ளை. அவன் விளையாட்டுப் பிள்ளை, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதியிருந்தார்.

நான் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். காந்தப்புலத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிப் பரிசு வாங்கியவள். ஒருவன் முகத்து மயிருக்கும் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? ஊரில் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தைப் படித்துச் சிரித்திருப்பேன். அந்த அபார்ட்மெண்டில் சிரிப்பு வரவில்லை. ஹீட்டர் சத்தத்தையும் டி.வி.யில் டாங்கிகள் ஓடும் சத்தத்தையும் தவிர வேறு சத்தம் இல்லாத வீடு. என் கையில் எதுவுமே இல்லை என்றிருந்தபோது, செய்யக்கூடியது என்று ஒரே ஒரு விஷயம் வந்து சேர்ந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

டிசம்பரில் ஒரு நாள் அவர் போன் பண்ணினார். பாலைவனத்தில் ஒரு கூடாரத்தில் வரிசையாகப் போன் வைத்திருந்தார்களாம், ஆளுக்குப் பத்து நிமிஷம். நான் பேசி முடித்து, அது அவருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் வருவதற்குள் ஒரு மூச்சு இழுத்து விடலாம்.

"அத்தை லெட்டர் போட்டிருக்காங்க. குழந்தை பொறக்கிற வரைக்கும் நீங்க ஷேவ் பண்ணக் கூடாதாம்."

"இங்க எப்படிம்மா முடியும்? தினம் காலைல செக் பண்ணுவாங்க."

"டாக்டர்கிட்ட போங்க. ஸ்கின் ப்ராப்ளம், ஷேவ் பண்ணா கட்டி கட்டியா வருதுன்னு சொல்லுங்க. சீட்டு எழுதித் தருவாங்களாம். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஆர்மில இருந்தப்போ அப்படித்தான் வாங்கினாராம்."

"அதுக்கில்லைம்மா. மாஸ்க்..."

"மாஸ்க்கும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். நான் இங்க ஒண்டியா கெடக்கேன். உங்ககிட்ட வேற என்ன கேட்டேன்? வயித்துல இருக்கிற குழந்தை மேல சத்தியம் பண்ணுங்க."

போனில் காற்று இரைந்தது. நான் ஒரு மூச்சு விட்டேன், இன்னொரு மூச்சும் விட்டேன்.

"சத்தியம்" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன். அன்றைக்கு வைத்த ரசம்கூட நன்றாக வந்தது.

பிப்ரவரியில் ஒரு போட்டோ வந்தது. தண்ணீர் லாரி ஒன்றில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். படைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோவதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. இடுப்பில் அந்த முகமூடிப் பை. முகத்தில் குட்டையாக, அடர்த்தியாகத் தாடி. பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தார்: 'நேத்து மூணு தடவை சைரன் அடிச்சுது. மாஸ்க் போட்டுக்கிட்டோம். ஒண்ணும் இல்லை, பயப்படாதே. ஷேவ் பண்ணலை.'

கடைசி இரண்டு வார்த்தையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு வளைகாப்பு நடத்தி வைத்த ஆன்ட்டியிடம் காட்டினேன். "சொன்ன சொல் காப்பாத்துற புருஷன்" என்று அவர் சொன்னார். போட்டோவைக் கொண்டுபோய் சமையலறை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். அதற்கப்புறம் எத்தனை வீடு மாறியும் அதன் இடம் முருகனுக்குப் பக்கத்தில்தான்.

ஏப்ரலில் மகள் பிறந்தாள். ஒரு குறையும் இல்லை. நர்ஸ் பத்து விரலையும் எண்ணிக் காட்டியபோது நான் மனதுக்குள் மாமியாருக்கு நன்றி சொன்னேன்.

மே மாதம் அவர் வந்து இறங்கினார். கன்னம் மழமழவென்றிருந்தது. "பொண்ணு பொறந்த செய்தி வந்த அன்னைக்கே கத்தியை எடுத்துட்டீங்களாக்கும்?" என்று கிண்டல் பண்ணினேன். சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அந்த இருமல் அதற்கப்புறம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் வரும், ஊதுபத்தி ஏற்றினால் வரும், சில நாள் எந்தக் காரணமும் இல்லாமல் வரும். டாக்டர்கள் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊதச் சொன்னார்கள், இன்ஹேலர் கொடுத்தார்கள். இன்னதால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பாலைவனத்துத் தூசி, எண்ணெய்க் கிணறு எரிந்த புகை என்று நாங்களே ஏதோ சொல்லிக்கொண்டோம். ஊதுபத்தியை நிறுத்திவிட்டேன்.

அவர் அந்தப் போரைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரு தடவை, கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டுக்கு மாறியிருந்த அவருடைய அண்ணன், எங்களையெல்லாம் பழைய போர்க்கப்பல் ஒன்றைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். இவர் கப்பல்வரை வந்துவிட்டு, "நீங்க பாத்துட்டு வாங்க, நான் கார்ல இருக்கேன்" என்று திரும்பிவிட்டார். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டோம். மேலிருந்து பார்த்தபோது பார்க்கிங் லாட்டில் காருக்குள் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது, ஊருக்கு முன்னால் மானத்தை வாங்குகிறாரே என்று.

அப்புறம் டெக்சாஸ். அவர் வேலைக்காகப் பிளானோவில் வீடு வாங்கிக் குடிபோனோம். மகளுக்கு ஒன்பது வயதான வசந்த காலத்தில், ஸ்கூலில் குடும்பத்தில் ஒருவருடைய வேலையைப் பற்றி ப்ராஜெக்ட் செய்யச் சொன்னார்கள். நான் எழுதும் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமும் அவருடைய டெலிபோன் ஸ்விட்சிங் பாக்ஸும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "அப்பா வாஸ் இன் த ஆர்மி. ஐ வான்ட் தட்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். பழைய விமானக் கொட்டகை ஒன்றில் ராணுவ மியூசியம் இருக்கிறது என்று அவளே கண்டுபிடித்தும் வைத்திருந்தாள். அவளுக்காக அவர் உள்ளே வந்தார்.

உள்ளே ஹெலிகாப்டர், ஜீப், டாங்கி. எல்லாவற்றுக்கும் புதிதாகப் பச்சை பெயிண்ட் அடித்து, கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அவர் கைகளைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார். ஒரு மூலையில் குழந்தைகள் தொட்டுப் பார்க்க மேஜை போட்டிருந்தார்கள். ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர் பாட்டில். அவற்றோடு அதுவும் இருந்தது. அதே கறுப்பு ரப்பர், அதே வீங்கிய கன்னம். பத்து வருஷத்துக்கு முன்னால் டவல் போட்டு நான் மூடியது, இங்கே எல்லாரும் பார்க்கும்படி மேஜைமேல் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் தடுப்பதற்குள் மகள் அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். "அம்மா, லுக்!" என்ற குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கண்கள். வயிற்றில் இருக்கும்போது எதைப் பார்க்கக் கூடாது என்று மூடினேனோ அதற்குள்ளிருந்து அவள் என்னைப் பார்த்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் வயதான வெள்ளைக்காரர், பழைய ராணுவக்காரர். இந்த முகமூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு கன்னத்தையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூச்சை இழுக்க வேண்டும். ரப்பர் முகத்தோடு ஒட்டிக்கொண்டால் பிழைத்தோம். மகள் இழுத்தாள். ஒட்டவில்லை. காற்று ஓரத்தில் சீறிக்கொண்டு உள்ளே போனது.

உன் முகம் சின்னது, அதனால்தான் என்றார் அந்தப் பெரியவர். பெரிய ஆட்களுக்கு என்ன கேடு தெரியுமா என்று கேட்டுவிட்டு, தன் தாடையைத் தடவிக் காட்டினார். தாடிதான். இரண்டு நாள் ஷேவ் பண்ணாமல் இருந்தாலே போதும், ரப்பர் தோலோடு ஒட்டாது, வெளியில் இருப்பதெல்லாம் உள்ளே வந்துவிடும். அதற்காகத்தான் ராணுவத்தில் தினமும் ஷேவ் பண்ணச் சொல்லி உயிரை எடுப்பார்கள் என்றார். பிறகு என் கணவரை நிமிர்ந்து பார்த்தார். எப்படிக் கண்டுபிடித்தாரோ, "நீங்கள் படையில் இருந்தவரா?" என்று கேட்டார்.

"எஸ் சார்."

"அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்."

"எஸ் சார். தெரியும்" என்றார் என் கணவர்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, மகளின் தலைக்குப் பின்னால் இருந்த வார்களைத் தளர்த்தினார். அந்த விரல்களுக்கு அந்த வார்கள் பழக்கமானவை என்று பார்த்தாலே தெரிந்தது. முகமூடியைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அப்புறம் இருமினார்.

காரில் வீடு திரும்பும்போது மகள் பின் சீட்டில் உள்ளங்கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டு வந்தாள். "நிறுத்துடி" என்று கத்திவிட்டேன். அவள் ஏன் என்று கேட்டாள். என்ன சொல்வது? அதுக்கில்லைம்மா, மாஸ்க். அந்த இரண்டு வார்த்தை காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் சொல்ல வந்தார். நான் வாயை அடைத்துவிட்டேன். இருக்கிற பத்து நிமிஷத்தில் அவரை ஒரு வாக்கியம் முடிக்க விட்டிருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் வழக்கம்போல் ஷேவ் பண்ணப் போனார். நான் பாத்ரூம் வாசலில் போய் நின்றேன். முகமெல்லாம் நுரை.

"அன்னைக்குப் போன்ல மாஸ்க்னு ஏதோ சொல்ல வந்தீங்களே."

"என்னைக்கு?"

"நான் சத்தியம் கேட்டப்போ."

"ஞாபகம் இல்லைம்மா."

"சைரன் அடிச்சப்போ தாடி இருந்துச்சா?"

ரேசரைக் குழாயில் காட்டிக் கழுவினார். அவசரமே இல்லாமல் கழுவினார்.

"இல்லை. அதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். உன்கிட்ட சொன்னா நீ அழுவேன்னு சொல்லலை."

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். சத்தியத்தை மீறிய ஆளாகத் தன்னை ஆக்கிக்கொண்டு சிரித்தார். "நம்ம பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலை பாரு. அதெல்லாம் சும்மா" என்றார்.

"நல்ல வேளை" என்றேன் நான்.

மறுநாள் காலையில் விளக்கேற்றப் போனபோது முகத்தில் தாடியும் பின்பக்கத்தில் சைரன் சேதியுமாக முருகனுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் போட்டோ இல்லை. அது இருந்த இடத்தில் மட்டும் பலகை பளிச்சென்று தெரிந்தது. எங்கே என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் எனக்காக இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். பாத்ரூமில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, ரேசர் கன்னத்தில் இழுபடும் சத்தம் கேட்டது, அதன் பின்னால் இருமல் தொடங்கியது. தீக்குச்சியை அணைத்துவிட்டு, இருமல் நிற்கிறவரை பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றேன்.