சாலையில்லாத நிலத்தின் விலை

யார் எந்த விலையைச் சொன்னாலும், "அந்த விலைக்கு யாரு வாங்குனா?" என்று பிலோமினா அக்கா கேட்பார். ஜெலாப்பாங் சந்தையில் மீன்காரரிடமும் அதே கேள்விதான்.

ஈப்போவில் ஒரு தோட்டக் கம்பெனியில் அவர் கணக்காளர். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான் அவருக்கு உதவியாளன். அந்த ஆண்டு கம்பெனிக்கு நட்டம். விலை ஏறட்டும் என்று வைத்திருந்த பழைய ரப்பர் நிலத்தின் சந்தை மதிப்பை உயர்த்தி எழுதினால், ஒரு துண்டுகூட விற்காமலே நட்டம் லாபமாகிவிடும்.

"பக்கத்து நிலம் அந்த விலைக்குப் போச்சுலா, அக்கா. அதையே போடுங்க," என்றார் மேலாளர் தயாபரன்.

"அதுக்கு ரோடு இருக்கு. மழை பேஞ்சா நம்ம நிலத்துக்குப் படகுலதான் போகணும். நீங்க வாங்கிக்கிறீங்களா, பாஸ்?"

"கணக்குல கையெழுத்துப் போடலன்னா வேலை இருக்காது."

"நீங்க என்ன வேலைய விட்டு நிப்பாட்டுறது? நானே போறேன்."

அப்போதே கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானாக இருந்தால் போயிருப்பேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

முன்னறிவிப்பின்றிப் போனதற்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டச் சொல்லிக் கம்பெனி என் மூலம் அவரிடம் கேட்டது.

"கோர்ட்டுக்குப் போகச் சொல்லு, தம்பி. ஏன் போனேன்னு அங்க வந்து சொல்றேன்," என்றார் அக்கா.

கம்பெனி கோர்ட்டுக்குப் போகவில்லை. அவரும் இன்றுவரை கட்டவில்லை.