கதவு எடுத்துக்கொண்ட இடம்

கதவு இடித்துக் குழந்தையின் நெற்றி புடைத்துக்கொண்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடிந்து விடிகாலையில் வந்த சுரேஷ், எல்லா நாளும் போலக் கதவை மெல்லத்தான் தள்ளினான். எட்டு மாதப் பிள்ளை நிதின் தூக்கத்தில் பாயை விட்டு உருண்டு கதவுக்குப் பின்னால் கிடந்தான். பிள்ளை வீறிட்டதும் சுரேஷ் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். இன்னும் தள்ளினால் பிள்ளை நசுங்கும். தள்ளாமல் உள்ளே போக வழியில்லை.

புடைப்பு இரண்டு நாளில் அமுங்கிவிட்டது. அவன் மனைவி வனிதாவுக்குத்தான் எதுவும் அமுங்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களின் செருப்புக்கும் ஓடிவந்தாள். ராத்திரியில் ஒரு காலைக் கதவில் உதைத்து வைத்துக்கொண்டு படுத்தாள். அப்படிப் படுப்பவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

மஞ்சூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பன்னிரண்டு வீடுகள் முதுகும் விலாவும் ஒட்டி நிற்கும் லைனில் ஏழாவது வீடு வனிதாவுடையது. உடையது என்பது பேச்சுக்குத்தான். கொழுந்து பறிக்கும் கை ஓயும் வரைதான் வீடு. வேலை போனால் சட்டி பானையோடு ரோட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரே ஒரு அறை, அதற்குப் பின்னால் ஒரு சமையலறை. இதற்குள் வனிதா, சுரேஷ், நாலு வயது தாரிணி, நிதின், சுரேஷின் அப்பா செல்லையா என ஐந்து பேர்.

கதவு இடித்த நாளிலிருந்து ஒரு வாரம் அவள் அந்த அறையை உருட்டிக்கொண்டே இருந்தாள். பீரோவை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்தினாள். அங்கே கூரை ஒழுகியது, திரும்பக் கொண்டுவந்தாள். கட்டிலைக் குறுக்கே போட்டாள். சமையலறைக்குப் போகிறவர்கள் கட்டிலில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. தாரிணிக்கு அது நல்ல விளையாட்டாகிவிட்டது. செல்லையாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தூளி கட்டலாமென்றால் பிள்ளை தூளியில் எழுந்து உட்காரத் தொடங்கிவிட்டான். கட்டிலிலிருந்து இரண்டு தடவை விழுந்தாயிற்று. இனி அவனுக்குத் தரைதான். தரையில் ஈரமும் அடுப்பும் படாத இடம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அது கதவு திறந்து மூடும் இடம்.

வனிதா தாரிணியின் சாக்பீஸை வாங்கி, கதவைத் திறந்து, அதன் விளிம்பு போன வழியெல்லாம் தரையில் கோடு இழுத்தாள். ஒரு கால்வட்டம் வந்தது. அதற்குள் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒரு பிள்ளை கையைக் காலை ஆட்டிக்கொண்டு தாராளமாகப் படுக்கலாம்.

"இம்புட்டு எடத்தையும் கதவு தின்னுட்டு உக்காந்திருக்கு மாமா."

செல்லையா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்; அறையை இன்றைக்கும் காம்பரா என்றுதான் சொல்வார். "இதவிடச் சின்னக் காம்பராவுல எட்டுப் புள்ளைங்க கெடந்தோம் நாங்க. யாரு கதவ அளந்தா?"

"எட்டுப் பேருல வளந்தது எத்தன பேரு மாமா?"

அவர் பீடியைப் பற்றவைக்க எடுத்த தீக்குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "நாலு" என்றார்.

நெருக்கத்தில் வாழ்ந்த பெருமையைப் பேசுகிறவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள். மற்றவர்களுக்கு வாய் இல்லை.

கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுவது என்று வனிதா முடிவு செய்தாள். சுரேஷ் பயந்தான்.

"கம்பெனிக் கதவு, வனி. ஆபீசுல கேட்டா?"

"நீங்க எந்த செக்‌ஷன்ல வேல பாக்குறீங்க?"

"இது என்ன கேள்வி? எல வாட்டுற செக்‌ஷன்."

"வந்த எலைய மூட்டையோட அப்படியே குவிச்சு வச்சா என்னாகும்?"

"சூடேறிக் கருகிப்போகும். தொட்டியில பரத்தித்தான் போடணும். அடியில காத்து விடணும்."

"எலைக்குன்னா கம்பெனிக்குத் தெரியுதுல்ல?" என்றாள். பறித்த இலைக்கு எவ்வளவு இடம், எவ்வளவு காற்று என்று கணக்குப் போட்டு ஃபேக்டரி கட்டிய அதே கைதான் இந்த லைனையும் கட்டியது. கணக்குத் தெரியாமல் கட்டியதல்ல.

மஞ்சூரில் ஆசாரி பாலனைப் பிடித்தாள். அவர் முதலில் கதவைக் கேட்கவில்லை, கிழமையைக் கேட்டார்.

"செவ்வாக்கெழம தலவாசல்ல கை வைக்கக் கூடாதும்மா. புதன் காலையில நல்ல நேரம் இருக்கு."

"புதன் நல்ல நேரத்துல நான் காட்டுக்குள்ள கொழுந்து பறிச்சிட்டு நிப்பேன்ண்ணே. எனக்கு லீவு செவ்வாக்கெழமதான். ஒங்க ரம்பம் செவ்வாக்கெழம அறுக்காதா?"

"ரம்பம் அறுக்கும். எனக்குத்தான் மனசு அறுக்கும்" என்றார் பாலன். ஆனாலும் வந்தார்.

வேலை பெரிதில்லை. கீலை நிலையின் வெளிப்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். கதவு உள்ளே போகாமல் முட்டி நிற்க, நிலையின் உள்பக்கம் ஒரு சட்டம் அடிக்க வேண்டும். பாலன் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்ததும் லைனே கூடிவிட்டது. முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா. ஓய்வு பெற்ற தொழிலாளி. லைன் மாரியம்மன் கோவில் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்.

"ஏண்டி வனிதா, வாசக் கதவு வெளியில தொறந்தா ஊட்டுல இருக்குற லட்சுமி போயிருவாடி."

"இருந்தாத்தானே பெரிம்மா போவா? வந்து நல்லாத் தேடிப் பாத்துக்கங்க. பீரோவுக்கு அடியிலகூடப் பாருங்க."

கூட்டம் சிரித்தது. அந்த லைனில் பன்னிரண்டு வீட்டுக்கும் லட்சுமி வந்ததாக ஒரு தடயமும் இல்லை. அவள் போய்விடுவாள் என்ற கவலை மட்டும் வீட்டுக்கு வீடு இருந்தது.

"கரடி வந்தா என்ன பண்ணுவ?" என்றார் ஒருவர்.

"கரடிக்குத் தள்ளத்தான் தெரியும். இழுத்துத் தொறக்க இனிமேத்தான் டியூசன் போகணும்."

பேச்சியம்மா விடவில்லை. "நல்லாப் பேசுடி. காலையில நான் கொடத்தத் தூக்கிட்டுக் கொழாயிலருந்து வாரப்ப நீ படார்னு கதவத் தொறந்தா என் மூஞ்சி என்னாகும்? இது ஒன் ஒருத்தி நடையா?"

வனிதா நிமிர்ந்து பார்த்தாள். வீடுகளுக்கு முன்னால் ஓடும் நடை மூன்றடி அகலம்தான். அகலமான அந்த ஒற்றைக் கதவு வெளியே திறந்தால் வழி முழுக்க அடைபடும். "இது நியாயமான பேச்சு பெரிம்மா" என்றாள். "லட்சுமிய விடுங்க. கொடத்தப் பேசுங்க, கேட்டுக்குறேன்."

பாலன் கதவைக் கையால் தட்டிப் பார்த்தார். நடுவில் இரண்டாக அறுத்து இரட்டைக் கதவாகப் போட்டால் நடையில் பாதிதான் மறைக்கும் என்றார். திறந்ததும் சுவரோடு மடக்கிக் கொக்கி போட்டுவிட்டால் குடத்துக்கும் இடைஞ்சல் இல்லை, காற்றும் பிய்த்துக்கொண்டு போகாது. ஆனால் அறுத்தால் அறுத்ததுதான், பழையபடி ஆகாது.

வனிதா கதவின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாள். "அறுங்கண்ணே" என்றாள்.

மதியம் சர்க்கரை மாத்திரை வாங்க டிஸ்பென்சரிக்குப் போன பேச்சியம்மா, வழியில் ஆபீஸ் வாசலிலும் நின்று சேதியைச் சொல்லிவிட்டு வந்தார். கூரை ஒழுகுகிறது என்று இரண்டு மழைக்காலமாகச் சொல்லியும் எட்டிப் பார்க்காத ஆபீஸ், கதவுக்கு ஒரு மணி நேரத்தில் வந்தது. மழைக்கோட்டோடு பைக்கில் வந்து இறங்கியவர் ஃபீல்டு ஆபீசர் வசந்த்குமார், கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்.

"ஏனப்பா சுரேஷ், யாரைக் கேட்டு அறுத்தீங்க? இதென்ன உங்க சொந்த ஊடா?"

சுரேஷ் மனைவி பக்கம் திரும்பினான். "பழையபடி மாட்டிரலாம் வனி" என்று மெதுவாகச் சொன்னான். வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பவனுக்கு அப்படித்தான் குரல் வரும்.

வனிதா நிதினை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "மாட்டிர்றோம் சார். அதுக்கு முந்தி உள்ள வாங்க. மழைக்கோட்டக் கழட்டிட்டு வாங்க, புள்ள நனைஞ்சிரும்."

எதற்கென்று தெரியாமலே அவர் கழற்றினார். உள்ளே வந்ததும் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே ஒரு எடம் பாத்துப் படுக்க வைங்க சார். கதவு உள்ள தொறந்தா இவன் மேல படாம இருக்கணும். அந்த எடத்தக் காட்டிட்டீங்கன்னா இப்பவே கதவ மாத்திர்றோம்."

வாசலில் லைன் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மாவும் நின்றார். வசந்த்குமார் பிள்ளையோடு பீரோப் பக்கம் திரும்பினார். கூரையிலிருந்து ஒரு சொட்டு அதன் எதிரே வைத்திருந்த குண்டானில் விழுந்தது.

"கட்டில்ல போடலாமே?"

"ரெண்டு தடவ விழுந்துட்டான் சார்."

சமையலறை வாசலைப் பார்த்தார். அடுப்பில் சோறு கொதித்தது. நிதின் அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக் கடித்தான். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். சாக்பீஸ் கோட்டுக்குள்தான் அவரே நின்றுகொண்டிருந்தார்.

பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தபோது குரல் இறங்கியிருந்தது. "எனக்குப் புரியாம இல்லீங்கம்மா. ரூல்னு ஒண்ணு இருக்குதுங்களே, நான் என்ன பண்றது? நாளைக்கு எஸ்டேட் கார்ப்பென்டர அனுப்பறேன், ஒட்டுப் போட்டு மாட்டிருவாங்க. ரெண்டு வருசம் பொறுத்துக்குங்க. அதுக்குள்ள பையன் வளந்துருவான்."

"வளந்தா இன்னும் பெரிய எடமில்ல வேணும் சார்?"

அவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த நாட்டில் புரிந்துகொள்கிற அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. புரிந்துகொண்டே உத்தரவு போடுவார்கள்.

புதன்கிழமை வனிதா மழையில் கொழுந்து பறித்தாள். கை இலையில் இருந்தது. கண் சரிவுக்குக் கீழே லைனின் தகரக் கூரையைத் துழாவியது. சுத்தியல் சத்தம் கேட்கிறதா என்று இரண்டு தடவை நிமிர்ந்து நின்று மேஸ்திரியிடம் திட்டு வாங்கினாள். கதவை ஒட்டிவிட்டால் அடுத்து என்ன செய்வது? கட்டிலை விற்பதா? மாமனாரை நடையில் படுக்கச் சொல்வதா? இந்தக் குளிரில் அது கொலை. மறுபடி அறுப்பதா? அறுத்தால் வேலை போகும். சாயங்காலம் எடை போட்டு முடிந்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கி இறங்கினாள்.

இரண்டு கதவும் சுவரோடு மடங்கிக் கொக்கியில் நின்றன. அவள் வீட்டுப் படியில் பேச்சியம்மா வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே கால்வட்டத்தில் நிதின் மல்லாந்து தூங்கினான். பக்கத்தில் செல்லையா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கார்ப்பென்டர் வரலியா பெரிம்மா?"

"வந்தானுங்க, ரெண்டு பேரு. நான்தான் தொரத்துனேன்."

"நீங்களா?"

"செவ்வாக்கெழம அறுத்த தலவாசல் இது, ஒரு மண்டலத்துக்குள்ள மறுபடி கை வச்சா கை வச்சவன் குடும்பத்துக்கு ஆகாதுன்னேன். மாரியாத்தா சாவிய எடுத்துக் காட்டுனேன். சுத்தியலக்கூடப் பையிலருந்து எடுக்கல."

வனிதாவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "அப்படி ஒரு தோசமும் கெடையாது பெரிம்மா."

"எனக்குத் தெரியாதாடி? இப்பத்தான் நான் கண்டுபுடிச்சேன். அவனுங்களுக்குத் தெரியாதுல்ல?" வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "நேத்து அந்த ஆபீசரு புள்ளைய வச்சிக்கிட்டு முழிச்சத நானும் பாத்தேன். நானும் ரெண்ட இந்த மாதிரித் தரையிலதான் போட்டு வளத்தேன்."

"மண்டலம் முடிஞ்சு வந்தா?"

"அதுக்குள்ள இன்னும் நாலு ஊட்டுக் கதவ அறுத்துப் போடுங்கடி. எத்தனையத்தான் ஒட்டுவானுங்கன்னு பாப்போம்."

காரணம் பொய்; காரியம் சரி. வனிதா பையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். பேச்சியம்மாவின் மருமகள் விஜயா, ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் வீட்டுக் கதவைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.