ஆள்காட்டிக்கு விட்ட மூன்று ஏக்கர்

டிட்டிட் டூ, டிட்டிட் டூ. நான் படித்த கல்லூரி மைதானத்தின் மேல் ஆள்காட்டிப் பறவை இப்படித்தான் கத்திக்கொண்டு வட்டமிடும். செய்யுள் வகுப்பில் அதற்கு அசை பிரித்துக் காட்டி வெளியே அனுப்பப்பட்டிருக்கிறேன். ஐம்பது வருடம் கழித்து, டீச்சர் வேலையில் ஓய்வு பெற்ற எனக்கு அதே பறவைக்காகப் புல் பார்க்கும் வேலை வந்தது. மாடு எங்கே மேயலாம், எப்போது நிறுத்தலாம் என்று சொல்வதுதான் வேலை. சொன்னதை யாரும் கேட்காத வேலைகளில் இருந்தவர்களுக்கு, அதாவது உங்களில் பெரும்பாலோருக்கு, மேலே விளக்கம் வேண்டாம்.

நிபந்தனை

விமான நிலையத்துக்கு அப்பால் மூன்று ஏக்கர் புல்வெளி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு என் தோழியின் மகன் பிரதீப் வாங்கியது. சின்னப்பா என்பவரின் ஒன்பது பசுக்கள் அங்கேதான் மேய்ந்தன; அவருக்கு வேறு புல் கிடையாது. பிரதீப்பின் மனைவிக்கு அங்கே கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட ஒரு லான் வேண்டும். பிரதீப்புக்குப் பறவை வேண்டும். நகரத்துக்குள் என் வீடு இருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்த என்னிடம், "இந்த சீசன்ல ஒரு குஞ்சாவது பொரிச்சு நடந்து போகட்டும் ஆன்ட்டி. புல்லு அப்படியே இருக்கும். இல்லேன்னா லான்தான்" என்றான்.

தள்ளி நின்று கேட்ட சின்னப்பா சொன்னார்: "முட்ட போட வேண்டியது நான் இல்லியே டீச்சரம்மா. நானா இருந்தா இந்நேரம் போட்டிருப்பேன்."

சிவப்புத் துணி

ஆள்காட்டி கூடு கட்டாது. வெறும் தரையில் நாலு கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு நடுவில் முட்டையிடும். அதற்குக் குட்டைப் புல் வேண்டும். புல் வளர்ந்தால் நாய் வருவது தெரியாது. ஆகவே முட்டை வரும்வரை மாடு மேய வேண்டும், வந்தபின் அந்த இடத்தை மிதிக்கக் கூடாது. மார்ச் கடைசியில் நாலு முட்டை தெரிந்தது. சந்தோஷத்தில் சுற்றிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன்.

மறுநாள் காலை பக்கத்துக் கிராமத்திலிருந்து முப்பது பேர் வந்து நின்றார்கள். அந்தப் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சிக்கு ஒரே அர்த்தம்தான்: ரோடு வருகிறது, நிலம் போகிறது. பறவை முட்டை என்று காட்டினேன். குனிந்து பார்த்த பெரியவர் ஒரு கூழாங்கல்லைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். கூட்டம் கலைந்ததும் ஒரு புரோக்கர் பைக்கில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்: "முட்ட கதையெல்லாம் அவங்களுக்கு மேடம். எனக்கு மட்டும் சொல்லுங்க, ரோடு எத்தன அடி?"

சுண்ணாம்புக் கல்

குச்சிகளைப் பிடுங்கிவிட்டு, நாலு கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தேன். வெட்டவெளியில் நிற்கும் வெள்ளைக் கல்லை நம் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள் என்பது இரண்டு பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் கல்லில் மஞ்சள், குங்குமம், பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம். பறவை முட்டைமேல் உட்கார்ந்தபடி பழத்தைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

பூ வைக்க வந்தவள் கிராமத்து லட்சுமம்மா. பறவை அவள் தலைக்கு ஓர் அங்குலம் மேலே கத்திக்கொண்டு பாய்ந்தது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஓடி வந்த என்னைத்தான் சமாதானப்படுத்தினாள்: "பயப்படாதீங்கக்கா, அம்மா கொஞ்சம் கோபக்காரி, அவ்ளோதான். எங்க மாமியார வச்சு எனக்குப் பழக்கம்."

நடந்து போன மூன்று

நாலு வாரம் அந்த இடத்தை நாய்கூட நெருங்கவில்லை. லட்சுமம்மாவின் ஆட்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். அத்தனை பாதுகாப்பு எந்த மந்திரிக்கும் கிடையாது. மூன்று குஞ்சு பொரித்தது. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்தது போல, எலுமிச்சம்பழங்களுக்கு நடுவே நடந்து புல்லுக்குள் போயின. சின்னப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிரதீப் வீடியோ எடுத்து மனைவிக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது, ஸ்பீக்கரில்: "குஞ்சு சரி பிரதீப். பின்னாடி நாப்பது பேர் நிக்கிறாங்களே, அவங்க யாரு?"

பிரசாதம்

புல் பிழைத்தது. இனி மாடு இறங்கி மேய்ந்து குட்டையாக்கினால்தான் அடுத்த முட்டைக்கு இடம். சின்னப்பா கேட்டைத் திறந்தார். பத்துப் பெண்கள் குறுக்கே நின்றார்கள். வேலிக்குள் எல்லாம் அம்மாவின் இடம், மாடு வாய் வைக்கக் கூடாது என்றார்கள். மேயாவிட்டால் பறவை வராது என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு பிடி சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பிரதீப், "ஊரோட சண்டை வேணாம் ஆன்ட்டி" என்று காரில் ஏறிவிட்டான்.

மழை பெய்தது. புல் என் இடுப்புக்கு வந்தது. காற்றடித்தால் நல்ல ஓசைதான். ஆள்காட்டி ஜோடி ரோட்டுக்கு அந்தப் பக்கம், புதிதாகக் கொட்டியிருந்த ஜல்லிமேல் போய் முட்டையிட்டது. வேலிக்கு வெளியே, ஒன்பது பசுக்களின் கயிற்றையும் கையில் பிடித்தபடி சின்னப்பா கேட்டார்: "நம்மதான ஜெயிச்சோம் டீச்சரம்மா? அப்புறம் ஏன் எம் மாட்டுக்குப் புல்லு இல்ல?"

புல்லைக் காப்பாற்றுவது சுலபம், அதைத் தின்ன விடுவதுதான் கஷ்டம் என்று நான் கற்றுக்கொண்ட அந்த வருடமே சின்னப்பா பசுக்களை ஒவ்வொன்றாக விற்றுவிட்டார். இப்போது நகரத்துக்குள் நீலசந்திராவில் மகள் வீட்டில் இருந்துகொண்டு, ஒரு பள்ளி வேனில் கதவு திறந்து மூடுகிறார்.