கடற்கரைச் சாலையில் ஒரு பனிச்சறுக்கு

இரண்டு குச்சிகளையும் ஒரே நேரத்தில் தார்ச்சாலையில் ஊன்றி, இடுப்பை மடக்கி, ஆபித் தன்னை முன்னே தள்ளிக்கொள்கிறார். காலில் சக்கரம் வைத்த நீளப் பலகைகள். சிறிது தூரம் போனதும் நின்று, குச்சிகளின் மேல் கையை மடித்து, அதில் நெற்றியைச் சாய்த்துக்கொள்கிறார். காரைக்கால் கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள் முதலில் படம் பிடித்தார்கள். இப்போது ஒதுங்கி வழிவிடுகிறார்கள்.

"பாய், தரையில எதுக்குங்க துடுப்புப் போடுறீங்க? நம்ம போட்டுக்கு வாங்க, மீனாவது கிடைக்கும்" என்பார் கிளிஞ்சல்மேட்டு மீனவர் நவநீதன்.

"வரேங்க. மொதல்ல இத முடிச்சிக்கிறேன்." பதில் சொல்லவும் மூச்சு போதவில்லை.

வயது நாற்பத்தாறு. பிரான்சில் ஒரு மலையூரில் உணவகச் சமையல்காரர். பனிக்காலம்தான் அங்கே வியாபாரம். ஊரே சறுக்கப் போகையில் ஆபித் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். அவர் மகள் அர்ஷியாவின் பள்ளித்தோழிகளுடைய அப்பாக்கள் வருஷாவருஷம் ஐம்பது கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் ஓடுவார்கள். "நம்ம மட்டும் ஏன் அத்தா வேடிக்கை பாக்குறோம்?" என்று அவள் ஒருநாள் கேட்டுவிட்டாள். அன்றே பெயர் கொடுத்தார். சறுக்குப் பலகையில் நிற்கவே அதற்குப் பிறகுதான் பழகினார்.

போன வருஷம், பலகைக்கு அடியில் மெழுகு தேய்க்க வேண்டும் என்றார்கள். ஆபித், அக்காள் ஜுவைரியா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெயைத் தேய்த்தார். "கதவு முனகுனாலும் அதான், தல வலிச்சாலும் அதான். இதுக்கு மட்டும் ஆகாதா?" முதல் சரிவில் வெண்ணெய்போல் வழுக்கியது. பிறகு எண்ணெய் தேய்ந்துபோய், பலகையடியில் பனி அப்பத் தொடங்கியது. "கால்ல ஆட்டுக்கல்லக் கட்டி இழுத்த மாதிரி இருந்துச்சு லாத்தா" என்று பிறகு அக்காளிடம் போனில் சொன்னார். பாதி வழியில் நேரம் முடிந்துவிட்டதென்று பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்.

முடிவுக்கோட்டில் அர்ஷியா வருகிற முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். பேருந்து அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. தோளைத் தொட்டதும் திரும்பி, "எந்தப் பக்கமா அத்தா வந்தீங்க?" என்றாள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வருஷமும் பெயர் கொடுத்திருக்கிறார்.

பந்தயம் அடுத்த மாதம். அக்காள் மகளின் நிக்காஹுக்குக் கெஞ்சி வாங்கிய விடுப்பில் வந்திருக்கிறார். இங்கே பழகப் பனிக்கு எங்கே போவது? அதனால்தான் சக்கரப் பலகையும் தார்ச்சாலையும். உப்புக்காற்றில் சக்கரம் இறுகுகிறது. உள்ளங்கையில் கொப்புளம். ஜுவைரியா ஸ்கூட்டரில் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே ஊர்ந்து வருகிறார்.

"எங்களுக்கு இல்லாத கஷ்டமாடா? கஷ்டத்தப் போயி காசு கொடுத்தா வாங்குவாங்க?"

"பேசாம வா லாத்தா."

இந்த ஞாயிற்றுக்கிழமை சாலை முடிகிற இடத்தில் ஆபித் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்றைக்குப் போதும் என்று குச்சிகளின் கைவார்களைக் கழற்றினார். அப்போது அர்ஷியா பிரான்சிலிருந்து வீடியோவில் அழைத்தாள்.

"அத்தா, இந்த வருஷம் நான் பாதி வழியில, பஸ் நிக்கிற இடத்துல நிக்கிறேன். ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்துரலாம்."

கேலி இல்லை. அத்தா தனியாகப் பேருந்தில் வரக்கூடாதே என்ற கரிசனம். ஜுவைரியா சிரிக்க வாய் திறந்து, தம்பி முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"வேணாம்மா. கடைசியிலயே நில்லு. நேரமாகும், குளிரும். ரெண்டு ஸ்வெட்டரா போட்டுக்க."

கைப்பேசியை அக்காளிடம் நீட்டினார். குச்சியைப் பிடித்து எழுந்தார். கழற்றிய கைவாரை மாட்டி, பல்லால் கடித்து இழுத்து இறுக்கினார்.