கோணலா போட்டாத்தான் நேரா வரும்

நெசத்துல ஒடையறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல ஒடைச்சுப் பாத்துக்கறதுதான் நம்ம பொழப்பு. உலோகப் பொடியை லேசர்ல உருக்கி, அடுக்கடுக்கா பொருள் செய்யற மெஷின் எங்க சொதப்பும்னு சாஃப்ட்வேர்ல ஓட்டிப் பாத்து முன்கூட்டியே சொல்லணும். சொதப்பற எடம்னு திரையில சிவப்பு வந்தாலே தூக்கத்தைத் தொலைக்கற என் சகபாடிகளே, இது உங்களுக்குத்தான்.

சிவப்பு

குடிகாட்டுல ஒரு கெமிக்கல் கம்பெனி. அங்க மெயின்டனன்ஸ் பாக்கற ராஜவேலு சார், பம்புக்குள்ள சுத்தற சக்கரம் ஒடைஞ்சுபோயி, இதே மாதிரி புதுசு ஒண்ணு வேணும்னு அதைச் சாக்குல சுத்தி எங்க கடலூர் பட்டறைக்கு எடுத்தாந்தாரு. மாத்துப் பம்பும் உறுமுது, அதுவும் நின்னா பிளான்ட்டே படுத்துடும்னாரு. எங்க ஓனரு என்னைத் தனியா கூப்புட்டு, "இது பாழாச்சுன்னா உன் சாஃப்ட்வேரும் வேணாம், நீயும் வேணாம்"னுட்டாரு. எனக்குக் கல்யாணமாயி ஒரு மாசம்கூட ஆவல.

ஓட்டிப் பாத்தா சக்கரத்தோட இறக்கை நுனியெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கு. ஆறும்போது உலோகம் இழுத்து நுனி மேல தூக்கும், பொடி பரப்பற பிளேடு அதுல இடிக்கும், அதோட மெஷின் நின்னுடும். மூச்சு வாங்க விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு சார் சொன்னாரு: "தம்பி, அந்தக் கலரை மட்டும் பச்சையா மாத்திக் குடுத்துடேன், எங்க ஜிஎம்முகிட்ட காட்டிடறேன்."

திருத்தம்

இதுக்கு வைத்தியம் உண்டு. எந்தப் பக்கம் வளையுமோ அதுக்கு எதிர்ப்பக்கமா ஃபைல்லயே வளைச்சு வெச்சிடணும். ஆறும்போது இழுத்து நேராயிடும். அண்ணாமலை நகர் வீட்டுல உக்காந்து வளைச்சு அனுப்பினேன். மறுநா சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன், மெஷின் ஓட்டற பாஸ்கரு போன் பண்றான். கீரப்பாளையத்துக்காரன், தங்கமான பய. அவ்ளோ சந்தோஷமா சொன்னான்: "மச்சான், உன் ஃபைல்ல இறக்கையெல்லாம் கோணிக்கிட்டு இருந்துது, பாத்தா மானம் போவும்னு பழைய நேரான ஃபைலையே போட்டு ஓட வுட்டுட்டேன்!"

நிறுத்தம்

"நிறுத்துடா பாவி"ன்னு பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினேன். ஓனரு ஜிஎம்மையே கூட்டியாந்துட்டாரு, அவரு கண்ணு முன்னாடி நிறுத்த முடியாதுன்னுட்டான் பாஸ்கரு. கடலூர் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு உசுரே போயிடுச்சு. மெஷினுக்கு மாலை, எலுமிச்சம்பழம், கண்ணாடி வழியா எட்டிப் பாக்கற பெரிய மனுஷங்க. உள்ள இறக்கை நுனி தலையைத் தூக்கிடுச்சு, பிளேடு போவும்போது சர்ருன்னு ஒரசுது. யாரையும் கேக்கல, நிறுத்தற பட்டனை அமுக்கிட்டேன். ஓனரு சிரிச்ச மொகம் மாறாம என் காதுல சொன்னாரு: "சக்கரம் வர்ற வரைக்கும் இரு. அது வரலன்னா நீயும் வர வேணாம்."

பொருத்தம்

கோணல் ஃபைலைப் போட்டு மொதல்லேந்து ஓட்டினோம். பாஸ்கரு மெஷினை வுட்டு நகரல. எனக்குப் பாக்கவே தைரியமில்ல, வாசல்லயே நின்னேன். உள்ள இருக்கற இழுவை தீர சூடு காட்டி, ஒட்டியிருந்த அடித்தட்டுலேந்து அறுத்து, குடிகாட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினா, அளவு அச்சா பொருந்திடுச்சு. பம்பு சத்தமில்லாம ஓடுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. ராஜவேலு சார் தோள்ல தட்டிச் சொன்னாரு: "நேராதானே தம்பி வந்திருக்கு, இதுக்கா அன்னிக்கு மெஷினை நிறுத்தி அவ்ளோ கலாட்டா பண்ணே?"

வேலை தப்பிச்சுது, ஆனா நடக்காமப் போன விபத்துக்கு எவன்தான் இதுவரைக்கும் சபாஷ் சொல்லியிருக்கான், நீங்களே சொல்லுங்க.